மண்ணெண்ணெய்ச் செல்வமும் மன்பதை நலமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

சோழர் காலக் கோயில்களின் கல்வெட்டுகளைப் படிப்போர் ஓர் அழகிய தொடரை அடிக்கடி காண்பர். 'சாவா மூவாப் பேராடு' என்பதே அத்தொடர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர், 90 அல்லது 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார். ஆடுகள் ஈனும், கிழடு தட்டும், சாகும். ஆனால் ஒப்படைத்த எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. விளக்குக்கு உரிய நெய் நாள்தோறும் கோயிலுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். கொடுத்தவர் மறைந்த பின்னும் அவர் விட்டுச் சென்ற ஆடுகள் கணக்கில் சாவதில்லை, மூப்பதும் இல்லை! முதலைத் தொடாதே, அதன் பயனை மட்டும் செலவிடு என்னும் ஏற்பாட்டை நம் முன்னோர் ஆட்டு மந்தையை வைத்தே செய்து முடித்திருக்கிறார்கள்.

இக்காலத்தில் ஆட்டின் இடத்தில் பங்குப் பத்திரங்களும், நெய்யின் இடத்தில் வட்டியும் ஈவுத்தொகையும் வந்துவிட்டன. அந்த ஏற்பாட்டுக்கு அறக்கட்டளை என்று பெயர். உலகெங்கும் பெயர் பெற்ற அறக்கட்டளைகளுள் ஒன்று, அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு மே 14-இல் பதிவான ராக்பெல்லர் அறக்கட்டளை. கொக்கிப்புழுவைப் பற்றிய பாடத்தை வகுப்பில் நடத்தும்போது எங்கள் பேராசிரியர் இப்பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். எண்ணெய் வணிகர் ஒருவருக்கும் குடற்புழுவுக்கும் என்ன உறவு என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. ரோமன் ரோலண்டு நூலகத்தில் சில மாலைகளைச் செலவிட்டு நான் தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. வணிகத்திலும் துபாஷித் தொழிலிலும் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். அவர் உயில் பெரும்பாலும் கோயில் திருப்பணிகளுக்கும் அன்னதானத்துக்குமே எழுதப்பட்டது. வழக்குகளில் சிக்கிக் கிடந்த அப்பணம் ஆண்டுக்காண்டு பெருகியது. மிச்சமான தொகையிலிருந்து 1842-இல் ஒரு பள்ளி தோன்றிற்று. 1889-இல் அது கல்லூரி ஆயிற்று. கணித மேதை இராமானுசன் அங்கே பயின்றார். அறிஞர் அண்ணா பயின்றார். கோயிலுக்கென எழுதி வைத்த பணம் கல்விக்கு எப்படிப் போயிற்று? உயிலை எழுதியவர் போய்விட்டார். காலத்துக்கு ஏற்பப் பொருள் கொண்டவர்கள் பின்னால் வந்த நிருவாகிகள். அறக்கட்டளை என்பது இறந்தவரின் பணத்தை வைத்து இருப்பவர்கள் எடுக்கும் முடிவு என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

இனி ராக்பெல்லரைப் பார்ப்போம். 1839-இல் பிறந்த ஜான் டி. ராக்பெல்லர், கணக்கு எழுதும் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1870-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் என்னும் நிறுவனத்தை அமைத்தார். மோட்டார் கார் பிறவாத காலம் அது. எனவே அவர் விற்ற முதன்மையான சரக்கு பெட்ரோல் அன்று, விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்தான். பத்தே ஆண்டுகளில் அமெரிக்க நாட்டின் எண்ணெய் சுத்திகரிப்பில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவர் கைக்கு வந்தது. எப்படி? நல்ல நிருவாகம் ஒரு காரணம். இரயில்வே கம்பெனிகளோடு மறைவாகப் பேசித் தனக்கு மட்டும் கட்டணச் சலுகை பெற்றதும், போட்டியாளர்களை விலை குறைத்து வீழ்த்தி அவர்கள் ஆலைகளை வாங்கியதும் மற்றொரு காரணம். ஐடா டார்பெல் என்ற பெண் எழுத்தாளர் இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1904-இல் நூலாக்கினார். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை 34 துண்டுகளாக உடைத்தது. வேடிக்கை என்னவென்றால், உடைந்த துண்டுகளின் பங்கு விலை ஏறி, ராக்பெல்லர் முன்னைவிடப் பெருஞ்செல்வர் ஆனார்!

அந்த மண்ணெண்ணெய் ஆசியாவுக்கும் வந்தது. இந்தியாவிலும் ஸ்டாண்டர்ட் ஆயிலின் வழிவந்த கம்பெனி எஸ்ஸோ என்ற பெயரில் நெடுநாள் வணிகம் செய்தது. 1974-இல் இந்திய அரசு அதை எடுத்துக்கொண்டு இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆக்கியது. நம் பாட்டிமார் ஏற்றிய சிம்னி விளக்கின் ஒளியில் ஒரு சிறு பங்கு ராக்பெல்லர் கணக்கில் வரவாகியிருக்கும். ஆக, பின்னால் வரப்போகும் அறத்தின் முதலில் நம் ஏழைகளின் காசும் சிறிது கலந்திருந்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

ராக்பெல்லரின் அறப்பணிகளுக்கு ஆலோசகராக இருந்தவர் பிரெடரிக் கேட்ஸ் என்ற பாதிரியார். (இக்காலத்துப் பில் கேட்ஸுக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமைதான், உறவில்லை.) கொடுக்கும் வேகத்தைவிடப் பணம் சேரும் வேகம் மிகுதி, சில்லறையாகக் கொடுத்து மாளாது, அறத்தையும் மொத்த வணிகம்போல் நடத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அதன் சோதனைகளுள் ஒன்றுதான் கொக்கிப்புழு.

விலங்கியல் மாணவர் அல்லாத நண்பர்களுக்காக இப்புழுவைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள இது நம் சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். இதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈர மண்ணில் பொரிந்து இளம்புழுக்களாகும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகும். தோலிலிருந்து குருதிக் குழாய், அங்கிருந்து நுரையீரல், நுரையீரலிலிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடையும். என்ன நீண்ட பயணம்! புழு உள்ளவர் உடனே சாவதில்லை. சோகை பிடித்து வெளுத்து, வேலை செய்ய இயலாமல், பிள்ளையானால் படிப்பு ஏறாமல் கிடப்பார். ஊரார் அவரைச் சோம்பேறி என்பர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை மக்கள் பல தலைமுறைகளாக இப்பழியைச் சுமந்தனர். சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலார் அங்குள்ள புழு தனி இனம் என 1902-இல் அறிவித்தார்; பின்னர் அதற்கு 'நெக்கேட்டர் அமெரிக்கானஸ்' என்ற பெயர் அமைந்தது. நெக்கேட்டர் என்பதற்குக் கொலைஞன் என்று பொருள்.

1909-இல் ராக்பெல்லர் 10 இலட்சம் டாலர் கொடுத்து ஒரு குழுவை அமைத்தார. ஊர் ஊராக மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் உருப்பெருக்கியின் வழியே தம் புழு முட்டைகளைத் தாமே பார்த்தார்கள். தைமால் என்னும் மருந்தும் பேதி உப்பும் வழங்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் மருந்து பெற்றனர். புழு அடியோடு ஒழியவில்லை. கழிப்பிடம் இல்லாத வீட்டில் மருந்து தின்றவருக்கே மறுபடி புழு வந்தது. ஆயினும், பொதுச் சுகாதாரத் துறை என ஒன்று ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும் என்ற எண்ணத்தை அரசுகளுக்கு இப்பணி ஊட்டியது. இந்த முறையே பின்னர் நாடு விட்டு நாடு சென்றது. 1920-களில் சென்னை மாகாண அரசோடு சேர்ந்து ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. நம் புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாகூர்ப் பக்கம் ஒரு வயல் பிரெஞ்சு மண். வாய்க்காலைத் தாண்டினால் ஆங்கில மண். புழுவுக்கு அந்த எல்லை எங்கே தெரியப்போகிறது! நாம் பள்ளியில் படிக்கும்போது பிப்ரவரி 10-ஆம் நாள் வரிசையில் நின்று சப்பிச் சாப்பிட்ட அல்பெண்டசோல் மாத்திரை இதே புழுவுக்குத்தான்.

இதுவரை படித்தபோது எனக்கு ராக்பெல்லர் மீது பெருமதிப்பே ஏற்பட்டது. அடுத்து வந்தது லட்லோ.

அறக்கட்டளை பதிவாகி ஓராண்டு முடியவில்லை. கொலராடோ மாநிலத்தில் ராக்பெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தை ஏற்றுக்கொள், எட்டு மணி நேர வேலை கொடு என்பன போன்றவை அவர்கள் கோரிக்கைகள். கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டுக் குடும்பத்தோடு கூடாரங்களில் தங்கியிருந்தனர். 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-இல் மாநிலப் படையினரும் கம்பெனிக் காவலர்களும் அக்கூடாரங்களைத் தாக்கினர், கூடாரங்கள் தீப்பற்றின. குண்டுக்கு அஞ்சித் தரையடிக் குழி ஒன்றில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டனர். அப்போது அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர் ராக்பெல்லரின் மகனே. ஒரு கையால் உலகத்தார் நலம்; மறு கையால் இது!

புதுவை மாணவனுக்கு இச்செய்தி அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-இல் நம் ஊர்ப் பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவல்படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயரோடு சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் அந்நாளை நாம் நினைவுகூர்கிறோம். மறு ஆண்டு, 1937-இல், எட்டு மணி நேர வேலைச் சட்டம் பிரெஞ்சு இந்தியாவுக்கு வந்தது. என் தாத்தாவும் அவர் தந்தையும் ஆலைத் தொழிலாளர்கள். நூலகத்திலிருந்து வந்து லட்லோ கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "எட்டு மணி நேரத்தை எங்களுக்கு எவனும் தர்மம் பண்ணலடா தம்பி" என்றார்.

லட்லோவுக்குப் பிறகு அறக்கட்டளை என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில் உறவுகளைப் பற்றி ஆராய்வதாக அறிவித்து, பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங்கை அமர்த்தியது. அவரோ ராக்பெல்லர் சுரங்கங்களின் சிக்கலையே தீர்த்துவைக்கப் போனார். அறப்பணம் முதலாளியின் வழக்குக்கு உதவுவதா என்று நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவிலேயே கேள்வி எழுந்தது. சூடுபட்ட அறக்கட்டளை, கூலி, வேலை நேரம் போன்ற தகராறான துறைகளை விட்டு விலகி மருத்துவம், உயிரியல், வேளாண்மை என்று நடந்தது. புழுவும் கொசுவும் விதைநெல்லும் வேலைநிறுத்தம் செய்யமாட்டா அல்லவா! அந்த அறக்கட்டளையின் பெருஞ்சாதனைகள், அது விட்டுவிட்ட வேலைகள் ஆகிய இரண்டுக்கும் காரணம் இந்த ஒரு திருப்பத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாதனைகள் சிறியவை அல்ல. மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டவர் அறக்கட்டளையின் ஆய்வகத்தைச் சேர்ந்த மாக்ஸ் தைலர். 1951-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். கல்கத்தாவில் 1932-இல் திறக்கப்பட்ட அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் அறக்கட்டளையின் நன்கொடையால் எழுந்தது. 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து பூனாவில் வைரஸ் ஆய்வு மையத்தை நிறுவியது. கர்நாடகத்துக் காடுகளில் குரங்குகளைக் கொன்று மனிதர்க்கும் பரவிய கியாசனூர்க் காய்ச்சலின் வைரசை 1957-இல் கண்டறிந்தவர்கள் இம்மையத்தார். 1960-களில் மையத்தை முழுவதுமாக நம் நாட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு அறக்கட்டளை விலகிக்கொண்டது. 2020-இல் கொரோனாக் கிருமியை இந்தியாவில் பிரித்தெடுத்தது அதே மையந்தான். இன்று அதன் பெயர் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். தொடங்கிவைத்துத் தக்க காலத்தில் விலகுவதும் ஒரு நற்பண்பு. நம் கோரிமேட்டுக்கு அருகே 1975-இல் தொடங்கப்பெற்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், இதே கொசு ஆராய்ச்சியை முழுவதும் அரசுப் பணத்தில் நடத்துகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்ப இயலாதபடி வால்பாக்கியா என்னும் நுண்ணுயிரை ஏந்திய கொசுக்களை 2022-இல் உருவாக்கிக் காட்டியவர்கள் அவர்கள். நம்மில் எத்தனை பேர் அந்த வாயிலைக் கண்டிருக்கிறோம்?

இனி நெல்லுக்கு வருவோம். 1943-இல் அறக்கட்டளை மெக்சிகோவில் கோதுமை, சோள ஆராய்ச்சியைத் தொடங்கியது. அங்கு சென்ற நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை 1960-களில் இந்தியாவுக்கு வந்த வரலாறும், அதைக் கொண்டுவருவதில் அமைச்சர் சி. சுப்பிரமணியம், அறிவியலார் எம்.எஸ். சுவாமிநாதன் ஆகிய இரு தமிழர்களின் பங்கும் நாம் அறிந்ததே. 1960-இல் போர்டு அறக்கட்டளையும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து பிலிப்பைன்ஸ் நாட்டில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. அங்கே இந்தோனேசியாவின் 'பேட்டா' என்ற உயரமான நெல்லையும் தைவானின் 'டி-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டை நெல்லையும் 1962-இல் கலந்தார்கள். எட்டாவது கலப்பு அது. 1966-இல் வெளிவந்தபோது அதற்கு ஐ.ஆர். 8 என்று பெயர்.

இதன் சூட்சுமம் எளிது. பழைய உயர்ந்த நெல்லுக்கு உரம் போட்டால் தாள் நெடிதாக வளரும். கதிர் கனத்ததும் காற்றில் சாய்ந்துவிடும். குட்டை நெல்லோ சாயாது. உரத்தை உண்டு கதிராக்கும். தாளை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப் பொருள் அதில் குறைவாகச் சுரப்பதே காரணம் என்பது 2002-இல் மரபணு அளவில் விளங்கியது. சம்பா ஐந்தாறு மாதம் நிற்கும் நிலத்தில் இது ஏறத்தாழ 130 நாளில் அறுவடைக்கு வந்தது. ஆனால் குறைகளும் உடன் வந்தன. இலைக் கருகலும் புகையானும் இதை எளிதில் தாக்கின. பூச்சிமருந்து வயலுக்குள் வந்தது. வைக்கோல் குறைந்து மாடுகள் வாடின. உரமும் தண்ணீரும் வாங்கக் கையில் பணம் உள்ளவரே முதலில் பயன் கண்டனர். ஏரிப்பாசனம் போய் ஆழ்துளைக் கிணறு வந்தது.

என் தாய்வழிப் பாட்டி பாகூர்ப் பக்கம் நடவு நட்டவர். அவரைக் கேட்டேன். "ஆண்டை வீட்டுல சம்பா நெல்லு. எங்களுக்குக் கூலியா அளந்தது ஐயாரெட்டு. சோறு ஆறினா கல்லாட்டம் இருக்கும். ஆனா அதுக்கு முந்தி அந்தக் கல்லும் இல்லையே கண்ணு" என்றார். ஆறிய சோறு கெட்டிப்படுவதற்கு ஐ.ஆர். 8-இல் உள்ள அமைலோஸ் மிகுதி காரணம் என்று நான் விளக்கினேன். பாட்டிக்கு அதில் அக்கறை இல்லை. அவர் சொன்ன இரு செய்திகளையும் எடைபோட எனக்கு இன்னும் தெரியவில்லை. வயிறு நிரம்பியது, அளக்கும் மரக்கால் மட்டும் ஆண்டை கையிலேயே இருந்தது. விதையை மாற்ற அறக்கட்டளையால் முடிந்தது. மரக்கால் அதன் வேலைத் திட்டத்தில் இல்லை.

ஒரு கரும்புள்ளியைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. 1920-களிலும் 30-களிலும் ஜெர்மனியில் மனித மரபியல் என்ற பெயரில் இன மேம்பாட்டு ஆய்வு செய்த கைசர் வில்லியம் நிறுவனங்களுக்கு இந்த அறக்கட்டளை பொருளுதவி செய்தது. அந்த ஆய்வு பின்னர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும். அதே அறக்கட்டளைதான் 1933-க்குப் பின் நாஜிகளிடமிருந்து தப்பிய அறிஞர் பலருக்கு வேலையும் புகலிடமும் தேடித் தந்தது. இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர். வாக்களித்து அவர்களை அமர்த்தியவர் யாரும் இல்லை, வாக்களித்து இறக்கவும் வழி இல்லை. 1910-இல் அறக்கட்டளைக்கான மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எழுந்த அச்சமும் இதுவே. மூன்றாண்டு முயன்றும் அங்கே நிறைவேறாமல், கடைசியில் நியூயார்க் மாநிலத்தில்தான் அது பதிவாயிற்று.

இவ்வளவு ஆராய்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வணிகர் ஒருவர் பெயரில் இயங்கும் ஒரு சிறு அறக்கட்டளையின் உதவித்தொகையில்தான் என் புத்தகச் செலவும் ஆய்வக உடைச் செலவும் நடக்கின்றன. ஆண்டுக்கொரு முறை மேடையேறி, மாலையிட்ட படத்தை வணங்கி, காசோலை பெற்றுக்கொள்கிறோம். பெறுகிறவன் கேள்வி கேட்கலாமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். பச்சையப்பர் பணம் பள்ளிக்குப் போனதும், அறக்கட்டளை தொழிலாளர் ஆராய்ச்சியை விட்டு ஓடியதும் எவரோ கேள்வி கேட்டதால்தானே என்று நான் பதில் சொன்னேன். நன்றி வேறு, வாய்பொத்தல் வேறு.

ராக்பெல்லர் 1937-இல் தம் 97-ஆம் வயதில் மறைந்தார். அவர் ஆடுகள் இன்னும் சாகவில்லை. பில் கேட்ஸ் தம் அறக்கட்டளை 2045-இல் முழுப்பணத்தையும் செலவிட்டு மூடப்படும் என்று 2025-இல் அறிவித்தார். ராக்பெல்லர் அறக்கட்டளைக்கு அப்படி ஒரு முடிவு நாள் குறிக்கப்படவில்லை. எண்ணெயில் பிறந்த அந்த அறக்கட்டளை, தன் முதலை நிலக்கரி, எண்ணெய்த் தொழில்களில் இனி வைப்பதில்லை என்று 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்துவிட்டது. 2017 முதல் அதன் தலைவராக இருப்பவர் இந்திய வமிசாவளியினரான ராஜீவ் ஷா.

அதன் பழைய கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குகள் எல்லாம் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அறக்கட்டளையைக் கடுமையாகச் சாடிய நூல்கள் பலவும் அந்தக் காகிதங்களைக் கொண்டே எழுதப்பட்டவை. சென்னை மாகாணத்துக் கொக்கிப்புழுப் பணியின் தாள்களும் அங்கே இருக்கின்றன. வெறுங்காலோடு வயலில் நின்ற நம் மக்களைப் பற்றி அந்த அதிகாரிகள் என்ன எழுதி வைத்தார்கள் என்று நம்மில் ஒருவர் போய்ப் படித்து வந்து சொன்னால் நன்றாயிருக்கும்.